இரும்புச் சட்டை யாருக்குக் கிடைத்தது? இடைக்கால ஐரோப்பியப் போர்க்கவசமும் சமூகத் தட்டும்



"அக்காலத்தில் வீரர்கள் கவசம் அணிந்து வீரத்துடன் போர் புரிந்தனர்." போர், அமைதி, நாகரிகம் என்று எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் இந்த வாக்கியம் ஏதாவது ஓர் உருவத்தில் மாணவர் கட்டுரையில் வந்துவிடும். இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. ஆனால் திருத்தும் ஆசிரியருக்குச் சில கேள்விகள் எழும். எந்த வீரர்கள்? எல்லாருக்குமா கவசம் இருந்தது? அதற்குப் பணம் கட்டியது யார்? கவசம் இல்லாதவன் கதி என்ன?

இந்தக் கேள்விகளுக்கு இடைக்கால ஐரோப்பாவிடம் தெளிவான பதில் இருக்கிறது. கதைகளில் மட்டுமல்ல, சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தால் ஒன்று புரியும். அந்தக் காலத்துக் கவசம் வீரத்தின் அடையாளமாக இருந்ததைவிட வருமானத்தின் அடையாளமாகவே இருந்தது. போரில் யார் சாவது, யார் பிழைப்பது என்பதைக்கூடப் பல நேரம் பணப்பைதான் தீர்மானித்தது. வாங்க, படிப்படியாகப் பார்ப்போம்.

1. முதலில் சில அடிப்படைகள்

ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தை ஐரோப்பிய வரலாற்றில் இடைக்காலம் என்கிறோம். இந்தக் கட்டுரை 12ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை, பெரும்பாலும் இங்கிலாந்து, பிரான்சு, அவற்றை ஒட்டிய நாடுகளை மட்டும் பேசுகிறது.

அன்றைய அறிஞர்கள் சமூகத்தை மூன்று தட்டுகளாகப் பிரித்துப் பார்த்தார்கள்: வழிபடுவோர், போரிடுவோர், உழைப்போர். போரிடுவோர் என்றால் குதிரையேறிப் போர் செய்யும் 'நைட்' என்ற வகுப்பினர். பிரபுவிடமிருந்து நிலம் பெற்று, அதற்கு ஈடாகப் படைச்சேவை செய்தவர்கள். ஆனால் இந்தப் பிரிவினை ஏட்டில்தான் சுத்தமாக இருந்தது. உண்மையான போர்க்களத்தில் உழவர், நெசவாளர், கசாப்புக்காரர், கூலிக்கு வந்த வில்வீரர் என்று எல்லாரும் நின்றார்கள். எல்லார் உடம்பிலும் ஒரே பாதுகாப்பு இருக்கவில்லை.

கவச வகைகள் மூன்றைத் தெரிந்துகொண்டால் மற்றது எளிது:

• மெத்தைச் சட்டை: துணியைப் பல அடுக்காக வைத்தோ, உள்ளே பஞ்சு போன்றவற்றைத் திணித்தோ நெருக்கமாகத் தைத்த தடித்த சட்டை. அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். இருப்பதில் மலிவானது இதுதான்.

• வளையக் கவசம்: பல்லாயிரம் சிறு இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறைந்து மூடிச் செய்வது. வாள் வெட்டை நன்றாகத் தாங்கும். இதற்கு உள்ளேயும் மெத்தைச் சட்டை தேவை.

• தகட்டுக் கவசம்: உடலின் வடிவத்துக்கு ஏற்ப இரும்பு அல்லது எஃகுத் தகட்டை வளைத்துப் பொருத்துவது. 14ஆம் நூற்றாண்டில் பகுதி பகுதியாக வளர்ந்து, 15ஆம் நூற்றாண்டில் தலை முதல் கால் வரை மூடும் முழுக்கவசமானது.

மாணவர்களுக்கு ஒரு சொல்: உடலை மறைத்துக் காக்கும் கவசத்துக்கு 'மெய்ம்மறை' என்ற அழகான சொல் பதிற்றுப்பத்திலேயே இருக்கிறது. கேடயத்துக்குத் 'தோல்' என்ற பெயரும் சங்க இலக்கியத்தில் உண்டு. கட்டுரையில் 'கவசம்' என்ற ஒரே சொல்லைப் பத்து முறை எழுதுவதற்குப் பதிலாக இவற்றையும் பயன்படுத்திப் பாருங்கள்.

2. வருமானத்துக்கு ஏற்ற கவசம்: 1181ஆம் ஆண்டுச் சட்டம்

இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி 1181இல் ஓர் ஆயுதச் சட்டத்தை வெளியிட்டார். யார் யார் என்னென்ன படைக்கருவி வைத்திருக்க வேண்டும் என்பதை அது வரிசைப்படுத்தியது. அரசாங்கம் கொடுக்காது, அவரவர் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும். பட்டியலைப் பாருங்கள்:

• நைட்டுக்குரிய நிலம் வைத்திருப்பவர்: வளையக் கவசம், தலைக்கவசம், கேடயம், ஈட்டி.

• 16 மார்க் மதிப்புள்ள பொருளோ வருவாயோ உள்ள சுதந்திரக் குடிமகன்: அதே நான்கும்.

• 10 மார்க் உள்ள சுதந்திரக் குடிமகன்: சிறிய வளையக் கவசம், இரும்புத் தொப்பி, ஈட்டி.

• நகரவாசிகளும் மற்றச் சுதந்திரக் குடிமக்களும்: மெத்தைச் சட்டை, இரும்புத் தொப்பி, ஈட்டி.

மார்க் என்பது அன்றைய கணக்கு அலகு. 1 மார்க் என்றால் 13 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது ஒரு பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு.

இந்தப் பட்டியலில் மூன்று செய்திகள் ஒளிந்திருக்கின்றன. உயர்நிலைச் சிந்தனை வினாவுக்கு விடை எழுதுபவர்கள் இவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இரண்டாவது வரியைக் கவனியுங்கள். நைட் நிலம் இல்லாதவனும், 16 மார்க் இருந்தால் நைட்டைப் போலவே ஆயுதம் தாங்க வேண்டும். சட்டம் பிறப்பைக் கேட்கவில்லை. எவ்வளவு இருக்கிறது என்றுதான் கேட்டது. இதற்காகவே ஊர் ஊராக நீதிபதிகள் சென்று, யாருக்கு எவ்வளவு சொத்து என்பதை ஊராரிடம் சத்தியம் வாங்கிக் கேட்டறிய வேண்டும் என்ற விதியும் இருந்தது. கிட்டத்தட்ட வருமானக் கணக்கெடுப்பு மாதிரிதான்.

இரண்டாவது, பட்டியலில் இல்லாதவர்கள். நிலத்தோடு கட்டுண்ட பண்ணை உழவர்களுக்கு இதில் இடமே இல்லை. சுதந்திரக் குடிமகனைத் தவிர வேறு யாரையும் ஆயுதச் சத்தியத்துக்கு ஏற்கக் கூடாது என்று சட்டம் சொன்னது. யூதர்கள் வளையக் கவசம் வைத்திருக்கக் கூடாது என்றும் சொன்னது. ஆக, கவசம் அணிவது கடமை மட்டுமில்லை. யார் முழுக் குடிமகன், யார் இல்லை என்று பிரிக்கும் கோடாகவும் இருந்தது.

மூன்றாவது, அந்த ஆயுதங்களை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. தந்தை இறந்தால் வாரிசுக்குப் போக வேண்டும். வாரிசு சிறுவன் என்றால் காப்பாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சட்டத்தை மீறுபவரிடம் நிலத்தையோ பொருளையோ எடுக்க மாட்டோம், உடல் உறுப்பிலேயே தண்டனை என்று அரசர் எச்சரித்தார். அபராதம் கட்டித் தப்பிக்க முடியாதபடி செய்துவிட்டார்.

3. ஏழைக்கும் வந்த கடமை: 1285

சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, 1285இல், முதலாம் எட்வர்டு வின்செஸ்டர் சட்டத்தைக் கொண்டுவந்தார். இந்த முறை 15 வயது முதல் 60 வயது வரை எல்லா ஆண்களும் உள்ளே வந்துவிட்டார்கள். படிநிலையும் இன்னும் நுணுக்கமாகியது:

• ஆண்டுக்கு 15 பவுண்டு நிலவருவாய் அல்லது 40 மார்க் பொருள்: வளையக் கவசம், இரும்புத் தொப்பி, வாள், கத்தி, குதிரை.

• 10 பவுண்டு நிலவருவாய் அல்லது 20 மார்க் பொருள்: மேலே உள்ளவை, குதிரை மட்டும் இல்லை.

• 5 பவுண்டு நிலவருவாய்: மெத்தைச் சட்டை, இரும்புத் தொப்பி, வாள், கத்தி.

• 40 ஷில்லிங் முதல் 100 ஷில்லிங் வரை: வாள், வில், அம்பு, கத்தி.

• அதற்கும் கீழே: அரிவாள் போன்ற வெட்டுக் கருவிகள், கத்தி, சிறு ஆயுதங்கள்.

இந்தப் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை படியுங்கள். முதலில் குதிரை போகிறது. அடுத்து இரும்புச் சட்டை போய்த் துணிச்சட்டை வருகிறது. அதற்கும் கீழே இறங்கினால் உடம்பைக் காக்கும் பொருள் எதுவுமே இல்லை. தாக்கும் கருவி மட்டும் இருக்கிறது. ஏழையிடம் "நீயும் வந்து போரிடு" என்று சட்டம் சொன்னது. "உன் உடம்பை இப்படிக் காத்துக்கொள்" என்று சொல்லவில்லை. என் பார்வையில், இந்தச் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் இதுதான்.

ஆண்டுக்கு இரண்டு முறை அதிகாரிகள் ஆயுதங்களைப் பார்வையிட வேண்டும் என்றும் விதி இருந்தது.

பணக்காரர்களுக்கும் இது சுமைதான். 1278இல், ஆண்டுக்கு 20 பவுண்டு நிலவருவாய் உள்ளவர்கள் நைட் பட்டம் பெற்றே ஆக வேண்டும் என்று எட்வர்டு ஆணையிட்டார். பட்டத்துக்கு எல்லாரும் ஆசைப்பட்டிருந்தால் ஆணை எதற்கு? குதிரை, கவசம், உதவியாள், கூடவே வரும் அரசாங்கக் கடமைகள் இவற்றுக்கு ஆகும் செலவை நினைத்துப் பலர் அந்தக் கௌரவத்திலிருந்து நழுவப் பார்த்தார்கள் என்பதுதான் காரணம்.

4. கவசம் என்பது கவசம் மட்டுமல்ல

வகுப்பில் இந்தத் தலைப்பைத் தொட்டாலே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சார், அவ்வளவு இரும்பைப் போட்டுக்கிட்டு கீழே விழுந்தா எழுந்திருக்கவே முடியாதாமே? குதிரை மேல ஏத்தவே கிரேன் வேணுமாமே?"

இல்லீங்க. அது சினிமா வளர்த்த கதை. 15ஆம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் பொதுவாக 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். அந்த எடை ஒரு தோளில் தொங்காது. உடல் முழுவதும் பரவியிருக்கும். பிரெஞ்சுத் தளபதி பூசிக்கோ, கவசத்தோடு ஏணியின் அடிப்பக்கத்தைக் கைகளால் பிடித்து ஏறிப் பயிற்சி செய்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

அதற்காக எடை ஒன்றுமே இல்லை என்றும் எழுதிவிடாதீர்கள். லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவசம் அணிந்தவர்களை ஓடுபொறியில் நடக்கவும் ஓடவும் வைத்துச் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். கவசத்தோடு நடக்கச் சாதாரணமாக நடப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றல் செலவானது. கால்களில் கட்டிய இரும்பை ஒவ்வோர் அடிக்கும் தூக்க வேண்டும். மார்புத் தகடு மூச்சையும் இறுக்கும். எழுந்து நடக்கலாம், ஓடலாம்; ஆனால் சீக்கிரம் களைப்பு வரும்.

இங்கேதான் சமூகத் தட்டு மறுபடியும் வருகிறது. இப்படிப்பட்ட கவசத்தில் நன்றாக இயங்கச் சிறுவயதிலிருந்தே பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு நேரம் வேண்டும். காலையில் வயலுக்குப் போகிறவனுக்கு அந்த நேரம் கிடையாது. அடுத்து, போர்க்குதிரை வேண்டும். அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். கவசத்தை மாட்டிவிட, துருப்பிடிக்காமல் துடைத்து வைக்க உதவியாள் வேண்டும். அளவெடுத்துச் செய்யத் தேர்ந்த கொல்லன் வேண்டும். மிலான் போன்ற நகரங்களின் கவசக் கொல்லர்கள் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றிருந்தார்கள். ஆகவே முழுக்கவசம் என்பது ஒரு பொருள் இல்லை. அதற்குப் பின்னால் நிலம், ஆள், நேரம், பணம் என்று ஒரு முழு ஏற்பாடே இருக்கிறது.

படைச்சம்பளத்திலும் இந்த ஏணி தெரியும். 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் எட்வர்டின் படையில் ஒரு நாள் ஊதியம் பொதுவாக இப்படி இருந்தது:

• ஏர்ல் என்ற உயர்பிரபு: 6 ஷில்லிங் 8 பென்ஸ்

• சொந்தக் கொடியுடன் வரும் மூத்த நைட்: 4 ஷில்லிங்

• நைட்: 2 ஷில்லிங்

• கவசமணிந்த மற்றக் குதிரை வீரர்: 1 ஷில்லிங்

• குதிரையில் வரும் வில்வீரர்: 6 பென்ஸ்

• நடந்து வரும் வில்வீரர்: 3 பென்ஸ்

ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நைட் ஒரு நாளில் வாங்கியதை நடைவில்வீரன் 8 நாள் உழைத்தால்தான் பெற முடியும்.

5. உயிருக்கு விலை: மீட்புப் பணம்

கவசம் உடம்பை மட்டும் காக்கவில்லை. "என்னைக் கொல்லாதே, எனக்கு விலை உண்டு" என்று எதிரியிடம் சொல்லும் அறிவிப்பாகவும் இருந்தது. நல்ல கவசமும் அதன்மேல் குலச்சின்னம் பொறித்த மேலங்கியும் அணிந்தவன் பெரிய வீட்டுப் பிள்ளை. அவனைப் பிடித்துவைத்தால் குடும்பம் மீட்புப் பணம் கொடுக்கும். பிடித்தவன் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தன் தலைவனுக்குக் கொடுப்பது பிற்கால ஆங்கிலப் படைகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. போர் ஒரு வகையில் வியாபாரமும் ஆனது.

மிகப் பெரிய எடுத்துக்காட்டு பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஜான். 1356இல் புவாத்தியே போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். 1360ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அவருக்குக் குறித்த மீட்புத் தொகை 30 லட்சம் பொற்காசுகள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? மக்கள் மீது போட்ட வரியிலிருந்து. பிடிபட்டவர் அரசர், கட்டியவர்கள் உப்பும் துணியும் வாங்கிய சாதாரணக் குடிமக்கள்.

சாதாரண வில்வீரன் பிடிபட்டால்? அவனை மீட்க யார் பணம் கட்டுவார்கள்? அவனுக்குக் கைதாகும் 'பாக்கியம்'கூடப் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

6. மூன்று போர்க்களங்கள், மூன்று பாடங்கள்

கோர்ட்ரை, 1302. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஊர். ஜூலை 11ஆம் நாள் பிரெஞ்சு நைட்டுகளின் படையை எதிர்த்து நின்றவர்களில் பெரும்பாலோர் பிளெமிஷ் நகரங்களின் நெசவாளர்கள், கசாப்புக்காரர்கள் போன்ற தொழிலாளர்கள். தொழிற்சங்கம் சங்கமாக அணி வகுத்து வந்தார்கள். கையில் நீண்ட ஈட்டியும், முனையில் இரும்புக் கூர் பொருத்திய கனமான தடியும். வாய்க்காலும் சதுப்பும் நிறைந்த இடத்தில் நெருக்கமாக நின்றதால் குதிரைப் படையால் அவர்களை உடைக்க முடியவில்லை. பிரெஞ்சுத் தளபதி ஆர்த்துவா பிரபு இராபர்ட் உட்படப் பல பிரபுக்கள் மாண்டார்கள். வென்றவர்கள் கைதிகளைப் பிடிக்க விரும்பவில்லை. மீட்புப் பண விளையாட்டின் விதிகள் அவர்களுடையவை அல்ல. இறந்த நைட்டுகளின் பொன் குதிமுட்களைச் சேகரித்து அவ்வூர் மாதா கோயிலில் தொங்கவிட்டார்கள். அதனால்தான் 'பொன் குதிமுள் போர்' என்ற பெயர். பாடம்: நல்ல இடம், ஒற்றுமையான அணி, மலிவான ஆயுதம் மூன்றும் சேர்ந்தால் விலையுயர்ந்த கவசத்தையும் வெல்லலாம்.

விஸ்பி, 1361. சுவீடனை ஒட்டிய கோட்லாந்துத் தீவு. டென்மார்க் அரசர் நான்காம் வால்டெமாரின் தேர்ந்த படையை அத்தீவின் உழவர்கள் விஸ்பி நகர மதிலுக்கு வெளியே எதிர்த்தார்கள். நகர வணிகர்கள் வாயிலை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். மதிலுக்கு வெளியே உழவர்கள் பெரும் எண்ணிக்கையில் கொல்லப்பட்டார்கள். பிறகு நகரம் சரணடைந்து தன்னைக் காத்துக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் அங்கே தோண்டிய பெருங்குழிகளில் ஏறக்குறைய 1,185 பேரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களில் சிறுவர்களும் முதியவர்களும் இருந்தார்கள். பல கால் எலும்புகளில் முழங்காலுக்குக் கீழே வெட்டுக்காயங்கள். இந்த உழவர்கள் வெறும் ஏழைகள் அல்லர். சுதந்திரமான, ஓரளவு வசதியுள்ளவர்கள். அவர்களிடமும் கவசம் இருந்தது. ஆனால் கிடைத்த கவசங்கள் பலவும் அந்தக் காலத்துக்கே பழைய பாணி. பாடம்: கவசம் இருந்ததா என்பது மட்டும் கேள்வி இல்லை, எப்படிப்பட்ட கவசம், உடலின் எந்தப் பகுதி மூடியிருந்தது, மதிலுக்கு எந்தப் பக்கம் நின்றீர்கள் என்பதும் கேள்வி.

அசின்கூர், 1415. அக்டோபர் 25ஆம் நாள், மழையில் ஊறிய உழுத வயலில் பிரெஞ்சுப் படையும் இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றியின் படையும் மோதின. ஆங்கிலேயர் பக்கம் பெரும்பான்மையினர் வில்வீரர்கள். பலரிடம் சொல்லிக்கொள்ளும்படி கவசம் இல்லை. கவசமணிந்த பிரெஞ்சு வீரர்கள் சேற்றில் நடந்தே களைத்து, நெருக்கடியில் சிக்கினார்கள். ஆங்கிலேயர் வென்று ஏராளமான கைதிகளைப் பிடித்தார்கள். மறுபடியும் தாக்குதல் வரும் என்று அஞ்சிய ஹென்றி, கைதிகளைக் கொல்லும்படி ஆணையிட்டார். மிகப் பெரிய பிரபுக்களுக்கு மட்டும் விலக்கு.

இந்தப் போரில் பிரபாண்ட் கோமகன் அந்தோணியின் கதை நம் தலைப்புக்கு மிகவும் பொருத்தமானது. தாமதமாக விரைந்து வந்த அவரிடம் தம் சொந்தக் கவசம் இல்லை. இன்னொருவர் கவசத்தை வாங்கி அணிந்து, எக்காளத்தில் கட்டிய கொடித்துணியை மேலங்கியாக மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார் என்று அன்றைய குறிப்புகள் கூறுகின்றன. பிடிபட்டபோது அவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. சாதாரணக் கைதிகளோடு அவரும் கொல்லப்பட்டார். கோமகன்தான், ஆனால் கோமகனின் 'சட்டை' அன்று உடம்பில் இல்லை.

அதே களத்தில் பிடிபட்ட ஓர்லியன்ஸ் கோமகன் சார்லஸ் 25 ஆண்டுகள் இங்கிலாந்தில் கைதியாக இருந்து 1440இல் விடுதலையானார். ஏணி ஏறிய பூசிக்கோவும் அங்கேதான் பிடிபட்டார். 1421இல் இங்கிலாந்திலேயே இறந்தார்.

7. பிறகு என்ன மாறியது?

மேல்தட்டுக்கு இந்த ஏற்பாடு குலைவது பிடிக்கவில்லை. 1139ஆம் ஆண்டு இரண்டாம் இலாத்தரன் சங்கம், கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் குறுக்குவில்லைப் பயன்படுத்தத் தடை விதித்தது. பெரிய பலன் இல்லை. 1199இல் இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டு, ஒரு சிறு கோட்டை முற்றுகையின்போது கவசச் சட்டை இல்லாமல் நின்றார். கோட்டையிலிருந்து பாய்ந்த ஒரு குறுக்குவில் அம்பு அவர்மேல் தைத்தது. அந்தக் காயத்தாலேயே இறந்தார். நீண்ட பயிற்சி இல்லாத ஒருவன், தூரத்திலிருந்து ஓர் அரசனைச் சாய்க்க முடியும் என்ற நிலை வந்துவிட்டது.

"துப்பாக்கி வந்தது, கவசம் மறைந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். துப்பாக்கி வந்த பிறகும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கவசம் இருந்தது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இரும்பு உற்பத்தி பெருகியதால், மொத்தமாகச் செய்த மலிவு மார்புத் தகடுகள் சாதாரணக் காலாட்படையினருக்கும் கிடைத்தன. அதே சமயம் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி கிரீனிச்சில் தமக்கென்று தனிக் கவசப் பட்டறையே அமைத்தார். அதாவது, 'உள்ளவன், இல்லாதவன்' என்ற வேறுபாடு 'அளவெடுத்துத் தைத்தது, கடையில் வாங்கியது' என்ற வேறுபாடாக மாறியது. இடைவெளி மறையவில்லை, இடம் மாறியது.

இன்னொரு எச்சரிக்கை. அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் பளபளப்பான கவசங்கள் பெரும்பாலும் பணக்காரர்களுடையவை. அவர்கள் வீட்டில் பாதுகாத்தார்கள், அதனால் எஞ்சின. ஏழையின் மெத்தைச் சட்டை மக்கிப் போய்விட்டது. எஞ்சியதை மட்டும் பார்த்து "அக்காலத்தில் எல்லாரும் இப்படித்தான் இருந்தார்கள்" என்று முடிவு செய்தால், இல்லாமல் போனவர்களை இரண்டாவது முறையும் அழித்துவிடுகிறோம்.

8. வகுப்புக்கும் தேர்வுக்கும்

தவிர்க்க வேண்டிய வாக்கியங்கள்:

• "வீரர்கள் அனைவரும் கவசம் அணிந்தனர்." (யார் என்று குறிப்பிடுங்கள்.)

• "கவசம் மிகக் கனமாக இருந்ததால் அசையவே முடியவில்லை." (20 முதல் 25 கிலோ, இயங்கலாம், ஆனால் களைப்பு அதிகம்.)

• "துப்பாக்கியால் கவசம் உடனே மறைந்தது." (மாற்றம் மெதுவாக நடந்தது.)

மாதிரிப் பத்தி:

இடைக்கால இங்கிலாந்தில் போர்க்கவசம் ஒருவரது பொருளாதார நிலையைக் காட்டியது. எடுத்துக்காட்டாக, 1285ஆம் ஆண்டு வின்செஸ்டர் சட்டத்தின்படி 15 பவுண்டு நிலவருவாய் உடையவர் வளையக் கவசமும் குதிரையும் வைத்திருக்க வேண்டியிருந்தது. 40 ஷில்லிங்குக்குக் குறைவாகப் பெற்றவருக்கோ வெட்டுக் கருவியும் கத்தியும் மட்டுமே விதிக்கப்பட்டன. இதனால், போரிடும் கடமை அனைவருக்கும் பொதுவாக இருந்தபோதிலும், பாதுகாப்பு அனைவருக்கும் பொதுவாக இருக்கவில்லை என்பது தெளிவாகிறது.

கருத்து, சான்று, விளக்கம், முடிவு என்ற வரிசையைக் கவனித்தீர்களா? எந்தத் தலைப்புக்கும் இந்த வரிசை கைகொடுக்கும்.

கலந்துரையாடல் வினாக்கள்:

1. 1181ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாதவர்கள் யார்? அவர்களை விலக்கியதற்கு என்ன காரணங்கள் இருந்திருக்கலாம்?

2. மீட்புப் பண வழக்கம் போரின் கொடுமையைக் குறைத்ததா, கூட்டியதா? இரு தரப்பிலும் வாதிடுக.

3. விஸ்பி நகரத்தார் வாயிலை மூடியது சரியா? உங்கள் கருத்தைச் சான்றுடன் விளக்குக.

4. இன்று ஆபத்தான வேலை செய்பவர்களின் பாதுகாப்புக் கருவிகளுக்கு யார் பணம் கட்ட வேண்டும்? இடைக்காலச் சட்டங்களோடு ஒப்பிட்டு எழுதுக.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: 1285ஆம் ஆண்டுப் பட்டியலின் ஐந்து படிகளையும் ஐந்து அட்டைகளில் எழுதி, மாணவர்களைக் குலுக்கல் முறையில் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தம் அட்டையில் உள்ள மனிதராகப் போருக்கு முதல் நாள் இரவு வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். குதிரை கிடைத்தவரும் அரிவாள் கிடைத்தவரும் எழுதும் கடிதங்களை அடுத்தடுத்து வாசித்தால் போதும். நீங்கள் தனியாக விளக்கம் சொல்ல வேண்டிய தேவை இருக்காது.